முதுகு தளர்ந்த புத்தகங்கள்: ஒரு நூலகத்தின் இளையோர் பிரிவில் ஓராண்டு

நான் 38 வருடம் பைண்டிங் தொழில் பார்த்தவன். எந்த நூலகத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் புத்தகத்தின் முதுகுக்குத்தான் போகும். தலைப்பைப் படிப்பதற்கு முன்னாலேயே தையல் விட்டிருக்கிறதா, மேல் நுனி கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். இந்த மதிப்புரையையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். பதின்மூன்று வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு பொது நூலகத்தின் இளையோர் பிரிவுக்கு ஒரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் போய் வருகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் நூலகத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் பார்த்ததையெல்லாம் உங்கள் பிள்ளை போகும் நூலகத்திலும் நீங்கள் பார்க்கலாம்.

பிரிவு என்றதும் பெரிய கூடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஆறு அலமாரி, ஒரு நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி, சின்னப் பிள்ளைகளுக்குத் தரையில் ஒரு பாய். முதல் நாள் வலப்பக்கச் சுவரோரம் போனேன். கலைக்களஞ்சியத் தொகுதிகள் நேற்றுத்தான் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து விரித்ததும் முதுகு முனகியது. அச்சாகிப் பதினைந்து வருடம் ஆகியும் அதை யாரும் முழுதாக விரித்ததில்லை என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் இடப்பக்கம் வந்தேன். தரையை ஒட்டிய கடைசித் தட்டில் இருந்தவை எல்லாம் மூலை மழுங்கி, முதுகு தளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

புத்தகத்தின் தேய்மானத்தை ஓரளவு பழகினால் யாரும் படித்துவிடலாம். முதுகின் மேல் நுனி கிழிந்திருந்தால் ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மாட்டிப் பலர் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கங்களின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். விரல் அழுக்கு கோடு போட்டிருக்கும். முதல் முப்பது பக்கத்துக்கு மட்டும் கறுத்து, மீதி வெள்ளையாக இருந்தால் எடுத்தவர்கள் எல்லாம் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது நல்ல புத்தகம், குறைந்தது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. இன்னொன்று, புத்தகத்தை மேசைமேல் முதுகு படும்படி நிறுத்திக் கையை எடுங்கள். எங்கே தானாக விரிகிறதோ, அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பேர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். கடல் உயிர்கள் பற்றிய ஒரு படப்புத்தகத்தை அப்படி நிறுத்தினேன். நேராக ஆக்டோபஸ் பக்கத்தில் போய் விரிந்தது. அதற்கு மூன்று இதயம், நீல நிற ரத்தம் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. மூன்று என்ற எண்ணை யாரோ பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள்.

அன்றே எனக்கு இந்த இடம் பிடித்துப்போனது. பிள்ளைகளுக்கான நூலகத்தில் புத்தகம் கிழிய வேண்டும். கிழியவே இல்லையென்றால் அங்கே ஏதோ தப்பு நடக்கிறது. காலமெல்லாம் கிழிந்த புத்தகத்தைத் தைத்தவனாகவே இதைச் சொல்கிறேன்.

எனக்கு 14 வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. அச்சகத்தை ஒட்டிய பைண்டிங் கூடத்தில் ஃபாரம் மடிக்கச் சேர்ந்தேன். பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சாகி வரும். மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். நான் படித்த முதல் கதைகள் எல்லாம் ஃபாரம் ஃபாரமாகப் படித்தவை. ஐந்தாம் ஃபாரம் முதலில் என் மேசைக்கு வரும். அதில் ஒரு பெண் கிணற்றடியில் அழுதுகொண்டிருப்பாள். ஏன் அழுகிறாள் என்று தெரிய நாலாம் ஃபாரத்துக்காகக் காத்திருப்பேன். சில சமயம் அது வேறு ஆளின் மேசைக்குப் போய், தைத்து, வெட்டி, அத்தனை பிரதியும் வண்டியேறிவிடும். அப்படி முடிவு தெரியாமல் போன கதைகள் எனக்கு நிறைய உண்டு.

அப்போது நாங்கள் இருந்த தெருவுக்கு அருகில் ஒரு நூலகம் இருந்தது. புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி ஒருவர் இடுப்பில். சிறுவர்கள் போய்க் கேட்டால் “கிழிச்சிடுவே, போ” என்பார். பகலெல்லாம் புத்தகம் தைத்துவிட்டு வரும் பையனிடம் அந்தச் சொல். கண்ணாடி வழியாக முதுகில் இருக்கும் எழுத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இரண்டு வருடம் அப்படிப் போயிருக்கிறேன். பூட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் புத்தகங்கள் எந்த நிலையில் முடிந்தன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னாளில் அதே போன்ற பீரோக்களிலிருந்து எங்கள் கூடத்துக்கு வேலை வந்தது. யாரும் தொடாத புத்தகத்தைக் கரையான் தொட்டிருக்கும்.

பூட்டியவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது ஏன் நடக்கிறது என்பதை இந்த நூலகத்தின் நூலகர் அம்மா விளக்கிய பிறகு நிறையப் புரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். புத்தகம் குறைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். சில இடங்களில் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயமும் இருக்கும். பயந்த மனிதர் பூட்டத்தான் செய்வார். ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகளிலேயே (2017) இதற்கு வழி இருக்கிறது. ஓராண்டில் வெளியே கொடுத்த அல்லது உள்ளே எடுத்துப் பார்த்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பாகக் கொள்ளப்படலாம், நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதவரை. அந்த வரியை அவர் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். ஆயிரத்துக்கு ஐந்து. அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் என் சிறுவயதில் அந்த பீரோ திறந்திருக்குமோ என்று யோசித்தேன்.

நூலகத்தைப் பற்றிப் பேசினால் எஸ்.ஆர். ரங்கநாதனைத் தாண்டிப் போக முடியாது. கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். முதல் விதி, புத்தகம் பயன்படுவதற்கே. கேட்டால் “இதைச் சொல்ல ஒரு விதியா?” என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு இரும்புச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட் தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகம் இன்றும் இருக்கிறது. சங்கிலி போய்க் கண்ணாடி பீரோ வந்தது. பீரோ போன இடத்தில் “கையைக் கழுவிட்டு வா, பக்கத்தை மடிக்காதே, அதை ஏன் எடுத்தே” என்ற குரல் வந்தது. பிள்ளைக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஐந்து விதிகள் வெளிவந்த அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் கிளம்பியது. அதைத் தொடங்கி வைத்ததும் ரங்கநாதன்தான். மண் சாலையில் வண்டி குலுங்கக் குலுங்க எத்தனை புத்தகம் தையல் விட்டிருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும். அது தெரிந்தேதான் அனுப்பினார்கள். கென்யாவின் கரிசா பகுதியில் 1996 முதல் ஒட்டகத்தின்மேல் பெட்டி கட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுபோனார்கள். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் ஆல்ஃபா, பேத்தோ என்ற இரண்டு கழுதைகளை வைத்து அதையே செய்தார். இரண்டு பெயரையும் சேர்த்தால் ஸ்பானிய மொழியில் ‘அகரவரிசை’. மழை, தூசி, ஆற்றுத் தண்ணீர் எல்லாம் பட்டிருக்கும். அந்தப் புத்தகங்களில் ஒன்றைக் கையில் எடுத்துத் தைத்துக் கொடுக்க எனக்கு ஆசை.

சரி, நம் நூலகத்துக்கு வருகிறேன். உறுப்பினர் அட்டை வாங்குவது எளிதாகவே இருந்தது. பேத்தி பள்ளி அடையாள அட்டையைக் காட்டினாள், நான் கையெழுத்துப் போட்டேன், அரை மணியில் கையில் அட்டை. மூன்று புத்தகம், பதினான்கு நாள், யாரும் காத்திருக்காவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் அதே வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பெண் பிள்ளைக்கு அன்று அட்டை கிடைக்கவில்லை. அவர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், முகவரிச் சான்று இல்லை. இதுதான் நான் பார்த்த முதல் குறை. புத்தகம் வாங்க வசதியில்லாத வீடுகளில்தான் இப்படிச் சான்றும் இருக்காது. நூலகம் யாருக்காக இருக்கிறதோ அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து படிக்கலாம் என்று நூலகர் அம்மா சொல்லி அனுப்பினார். அவளும் வருகிறாள். ஆனால் ஆறு மணிக்குக் கதையின் நடுவில் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகும் முகத்தை நான் சனிக்கிழமைதோறும் பார்க்கிறேன். ஃபாரம் வராமல் போன என் கதைகள் நினைவுக்கு வரும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி விட்டு, பையை வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து வருவதற்குள் ஐந்து மணி. ஆறு மணிக்கு விளக்கை அணைக்க ஆரம்பிக்கிறார்கள். பொது விடுமுறை என்றால் நூலகத்துக்கும் விடுமுறை. பிள்ளைகள் ஓய்வாக இருக்கும் நாளில்தான் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு வருடமாகப் பின்னூட்டப் பதிவேட்டில் எழுதி வருகிறேன், இன்னும் மாறவில்லை.

இதைவிடப் பெரிய குறை நடு வயதுக்கானது. ஆறு அலமாரியில் மூன்று சின்னப் பிள்ளைகளின் படக்கதைகள், இரண்டு போட்டித் தேர்வு நூல்கள், ஒன்று கலைக்களஞ்சியம். பத்து வயதைத் தாண்டிப் பதினாறைத் தொடாத பிள்ளைக்கு எதுவுமே இல்லை. பேத்தி முதல் மாதம் தன் வயதுக்குக் கீழான கதைகளை ஒரு வாரத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். “தாத்தா, இங்க எனக்குன்னு ஒண்ணும் இல்ல” என்றாள். அவள் சொன்னது ரங்கநாதனின் இரண்டாம் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் வேண்டும். இந்த வயதில்தான் பிள்ளைகள் படிப்பதை விடுகிறார்கள் என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். பிள்ளை விடவில்லை. தட்டில் அடுத்த புத்தகம் இல்லை, அதனால் நின்றுவிடுகிறது. தமிழில் இந்த வயதுக்கு எழுதப்படும் நாவல்கள் குறைவு என்பது உண்மைதான். இருப்பவற்றையாவது வாங்கி வைக்க வேண்டாமா? நூல் கோரிக்கைப் பதிவேட்டில் அவள் ஆறு தலைப்பு எழுதினாள். ஏழு மாதம் கழித்து மூன்று வந்தன. அவற்றைத் திறந்து புது மசியின் வாசனையை முகர்ந்து பார்த்துவிட்டு முதல் ஆளாகப் பதிந்து எடுத்துப் போனாள். மீதி மூன்றுக்கு இன்னும் காத்திருக்கிறாள். இப்போது அந்த மூன்று புத்தகமும் தட்டில் நிற்பதே இல்லை. ஒன்றின் முதுகு ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டது.

அடுத்து நடந்ததை எழுதுவதற்கு முன் பேத்தியிடம் அனுமதி கேட்டேன், எழுதச் சொன்னாள். வளரும் வயதில் உடம்பில் வரும் மாற்றங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை அவள் எடுத்துக்கொண்டு போனாள். பதிவு மேசையில் அன்று இருந்த பணியாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, “இது உனக்கெதுக்கு? வீட்ல கேட்டியா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அவள் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் அப்போது நாளிதழ்ப் பகுதியில் இருந்தேன், எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். அடுத்த இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. அந்தப் புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ள வேறு வழிகள் இருக்கின்றன, அவை இந்த அளவுக்குப் பொறுப்பானவை அல்ல. நூலகர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தயங்கவில்லை. அந்த வாரமே அந்த வகைப் புத்தகங்களை மூலையில் ஒரு தனித் தட்டில் வைத்து, அங்கேயே ஒரு பதிவேடும் பேனாவும் வைத்துவிட்டார். எண்ணை எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், மேசைக்கு வர வேண்டாம். ஒரு மாதம் கழித்து அந்தத் தட்டைப் பார்த்தேன். முதுகெல்லாம் கோடு விழ ஆரம்பித்திருந்தது.

அமெரிக்காவில் புரூக்ளின் பொது நூலகம் 2022-இல் ஒரு காரியம் செய்தது. பல மாநிலங்களில் பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்கள் நீக்கப்பட்டபோது, 13 முதல் 21 வயதுவரை நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் இலவச மின் உறுப்பினர் அட்டை தருவதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது அது தூரத்து விஷயமாகத் தெரிந்தது. பேத்தி புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்த பிறகு அப்படித் தெரியவில்லை.

மின்புத்தகம் வந்த பிறகு தாள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மின்புத்தகத்தின்மேல் பகை இல்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அச்சடித்துக்கொள்ளவும் மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. மகன் வழிப் பேரனுக்கு ஐந்து வயது, அவனுக்கு அதிலிருந்து படித்துக் காட்டுகிறேன். ஒரு கதையை அச்செடுத்துத் தைத்தும் கொடுத்தேன். ஆனால் நூலகங்கள் பதிப்பகங்களிடம் வாங்கும் மின்புத்தகத்தில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 2011-இல் ஒரு பெரிய பதிப்பகம் தன் மின்புத்தகத்தை நூலகம் 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும் என்று விதி போட்டது. தாள் புத்தகமும் கிட்டத்தட்ட அந்த அளவில் தேய்ந்துபோகும் என்பது அவர்கள் வாதம். நூலகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நான் தைத்துக் கொடுத்த காலிகோத் துணி முதுகுப் புத்தகங்கள் இருநூறு கை மாறிய பிறகும் தேதிச்சீட்டு மட்டும்தான் மாற்றும்படி இருந்திருக்கின்றன. 26 என்பது நூல் தையல் போட்ட புத்தகத்துக்கு இளமைப் பருவம்.

அபராதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மழையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கடல் உயிர்கள் புத்தகத்தை நனைத்துவிட்டான். கூரை ஒழுகும் வீடு. ஒருநாள் சாயங்காலம் நான் வெளியே வந்தபோது வாசலுக்கு எதிரே பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. அடுத்த வாரமும் அதே இடத்தில். கூப்பிட்டுக் கேட்டேன். பையைத் திறந்து காட்டினான். வழவழப்புத் தாள் நனைந்தால் உடனே பிரிக்க வேண்டும். தாளின்மேல் பூசிய வெள்ளைக் களிமண் பூச்சு காயும்போது பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவன் பயத்தில் பத்து நாள் மறைத்து வைத்திருந்ததால் நடுவில் கொஞ்சம் பக்கங்கள் கட்டியாகிவிட்டன. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் ஒற்றுத்தாள் வைத்து முழுதாகக் காப்பாற்றியிருப்பேன். பயம்தான் புத்தகத்தைக் கெடுத்தது, மழை பாதிதான்.

நியூயார்க்கில் மூன்று பொது நூலக அமைப்புகளும் 2021 அக்டோபரில் தாமத அபராதத்தை அடியோடு எடுத்துவிட்டன. அதற்கு முன் அபராத பாக்கியால் ஏறத்தாழ 4 லட்சம் பேரின் அட்டை முடங்கிக் கிடந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வசதி குறைந்த பகுதிகளில் இருப்பவர்கள். சிகாகோ அதை 2019-லேயே செய்தது, செய்ததும் வருடக்கணக்கில் வீடுகளில் கிடந்த புத்தகங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. அபராதத்துக்குப் பயந்து ஒளித்த புத்தகம் அபராதம் போனதும் வீடு திரும்புகிறது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1994-லேயே பொது நூலகம் கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும் என்றது, சிறு வயதிலிருந்தே பிள்ளைகளிடம் வாசிப்பை வளர்ப்பதை முதல் பணியாக எழுதியது. நம் நூலகத்தில் தாமத அபராதம் இன்னும் இருக்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் வீட்டில் கேட்க முடியாத பிள்ளைக்குச் சின்னத் தொகை என்று எதுவும் இல்லை.

அந்தப் பையனை நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். நூலகர் அம்மா புத்தகத்தைப் புரட்டினார், அவனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, “ஐயா, இதைச் சரிபண்ண முடியுமா?” என்றார். விலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்குத்தான் என் வேலை மறுபடி தொடங்கியது. இப்போது சனிக்கிழமை காலையில் நீள மேசையில் பாதி எனக்கு. பிள்ளைகள் அதற்குப் புத்தக ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொழிலில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்போம். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் நான் கலப்பதில்லை, அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிக் கொண்டுபோகிறேன். முதல் பாடம், செல்லோடேப் ஒட்டாதே. இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கி, எழுத்தையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து ஒட்டச் சொல்வேன், கிழிந்த ஓரத்தின் நார்தான் நன்றாகப் பிடிக்கும். அட்டை இல்லாத அந்தப் பெண் பிள்ளை இதில் கெட்டிக்காரி. நாலு வாரத்தில் ஊசி நூல் கோத்து ஃபாரம் தைக்கக் கற்றுக்கொண்டாள். தைத்துக்கொண்டே படிக்கிறாள், நான் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னும் ஒரு குறை. பார்வையற்ற பிள்ளைக்கு இங்கே பிரெய்லியில் ஒரு புத்தகமும் இல்லை, ஒலிப்புத்தகமும் இல்லை. அவர்களுக்கு ஏற்ற வடிவில் நூலைப் படியெடுக்க உரிமை தரும் மராக்கேஷ் ஒப்பந்தம் 2013-இல் வந்தது. 2014-இல் அதை உலகிலேயே முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா. அந்த ஒப்பந்தம் இந்த அலமாரிவரை வந்து சேரவில்லை.

27 நாடுகளில் 70,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வீட்டில் நிறையப் புத்தகம் இருந்து வளர்ந்த பிள்ளைகள், புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாகப் படித்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். நிறைய என்று அவர்கள் வைத்த அளவு ஐந்நூறு. எங்கள் வீட்டில் ஐந்நூறு இல்லை. நான் சந்தித்த பிள்ளைகளில் பலர் வீட்டில் பாடப்புத்தகம் தவிர ஐந்துகூட இல்லை. அவர்களுக்கு அந்த ஐந்நூறு இருக்கும் வீடு இந்த ஆறு அலமாரிதான். அதனால்தான் ஒரு தட்டு காலியாக இருந்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. முழு மதிப்பெண் நூலகர் அம்மாவுக்கு. குறைத்தது நேரத்துக்கும், முகவரிச் சான்றுக்கும், நடு வயதுத் தட்டுக்கும். நூலகம் தேடுகிறவர்கள் முதல் முறை போகும்போது பிள்ளையைத் தனியாக உள்ளே விட்டுவிட்டு வாசலில் நில்லுங்கள். யாராவது “எதையும் கலைக்காதே” என்று சொல்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் தரையை ஒட்டிய தட்டில் இருக்கும் புத்தகங்களின் முதுகைப் பாருங்கள்.

போன சனிக்கிழமை கடல் உயிர்கள் புத்தகம் மூன்றாவது முறையாக என் மேசைக்கு வந்தது. மழையில் ஒட்டிப்போன பக்கங்களில் பாதியை ஈர ஆவி காட்டிப் பிரித்துவிட்டேன், மீதி போனது போனதுதான். ஆக்டோபஸ் பக்கத்தில் ஒரு கை கிழிந்து போயிருந்தது. பேத்தி அந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, கையைப் பென்சிலால் வரைந்தாள். முதுகுக்குப் புதுக் காலிகோ போட்டேன். பின்னட்டைக்குள் இருந்த தேதிச்சீட்டில் முத்திரை குத்த இடமே இல்லை, அதனால் அதன்மேல் இன்னொன்று ஒட்டினேன். அதை நனைத்த பையன்தான் அடுத்ததாக எடுக்கப் பதிந்திருந்தான். பசை காய அரை மணி ஆகும் என்றேன். சரி தாத்தா என்று சொல்லிவிட்டு மேசை ஓரத்திலேயே நின்றான்.